ஜெனோவாவில் ஒரு ஞாயிறு கிடைத்தால் கமோலிக்குப் போங்கள்

தங்கச்சி, இத்தாலியில் ஜெனோவாவுக்குப் புதிதாக வந்திருக்கிறோம், கணவருக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, இரண்டு சின்னப் பிள்ளைகளும் மாமியும் கூட, எல்லாரும் படம் போடும் போர்த்தோஃபினோவுக்குப் போகலாமா, இல்லை வேறு சின்னக் கடற்கரை ஊர் இருக்கா என்று கேட்டிருந்தீர்கள்.

போர்த்தோஃபினோவை இப்போதைக்கு விடுங்கள். அழகுதான், ஆனால் அங்கே பார்க்க இருப்பதில் பாதி மற்றவர்களுடைய படகுகள். அதே மலையின் மேற்குப் பக்கம் கமோலி என்ற சின்னக் கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே மேல்மாடிகளில் உடுப்புக் காயும், கீழே வலை காயும்.

ப்ரின்யோலே ஸ்டேஷனில் லா ஸ்பெட்சியா பக்கம் போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடம். கடுதாசி டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் மெஷினில் முத்திரை குத்துங்கள். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டாக இருந்தாலும் முத்திரை இல்லை என்றால் அபராதம்தான். ஸ்டேஷனிலிருந்து கடலுக்குப் படிகளில் இறங்க வேண்டும். மாமிக்கு முழங்கால் நோ இருந்தால் ஆறுதலாகக் கூட்டிப் போங்கள். கீழே போய்விட்டால் கடலோர நடைபாதை சமதரைதான்.

கரையில் மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். பிள்ளைகளுக்கு ரப்பர் செருப்பு கட்டாயம். குடையும் கட்டிலும் போட்ட பகுதிகளுக்குக் காசு; பொதுக் கரை பக்கத்திலேயே இருக்கிறது, துண்டை விரித்து இருக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் காலையிலேயே போகாவிட்டால் துண்டு விரிக்கவும் இடம் இருக்காது. பின்னால் நிற்கும் உயரமான வீடுகளில் எத்தனை ஜன்னல் உண்மை, எத்தனை ஜன்னல் சுவரில் வரைந்தது என்று பிள்ளைகளிடம் எண்ணச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் உங்களுக்கு நிம்மதி. ஒரு காலத்தில் இது பாய்க்கப்பல் முதலாளிகளின் ஊர். 1853இலேயே தங்களுக்குள் ஒரு கப்பல் காப்புறுதிச் சங்கம் தொடங்கியவர்கள். மாரிட்டைம் மியூசியம் ஒன்று உண்டு, சின்னப் பிள்ளைகளோடு போவதற்கு அவசியமில்லை.

ஆனால் அங்கே செய்ய வேண்டிய முக்கியமான வேலை படகில் ஏறுவது. துறைமுகத்திலிருந்து புந்தா கியாப்பா என்ற முனை வழியாக சான் ஃப்ருத்துவோசோவுக்குப் படகு போகும், ஏறக்குறைய அரை மணி நேரம். ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போனால் வழியில் தொன்னாரெல்லா என்ற பொறிவலையைப் பார்க்கலாம். நம் பக்கத்துக் களங்கண்டி போலத்தான், மீன் தானாக உள்ளே போய் மாட்டும். அந்த வலை தும்புக் கயிற்றால் பின்னியது! பருவம் முடிந்ததும் அறுத்துக் கடலிலேயே விடுவார்கள், உக்கிப் போகும். நைலோன் வந்த பிறகும் இவர்கள் தும்பை விடவில்லை.

சான் ஃப்ருத்துவோசோவுக்குத் தெரு இல்லை. படகில் போகலாம், அல்லது மலைப்பாதையில் நடக்கலாம். மலை கடலில் இறங்கும் ஒரு சின்ன மூலையில் பழைய மடம், அதற்குள் ஜெனோவாவின் பழைய பிரபுக்களான தோரியா குடும்பத்தின் கல்லறைகள், முன்னால் ஒரு துண்டுக் கரை. அவ்வளவுதான் ஊர். மடத்துக்குள் போக டிக்கெட் எடுக்க வேண்டும். அந்தக் குடாவில் சுமார் 17 மீட்டர் ஆழத்தில், கைகளை மேலே தூக்கியபடி யேசுவின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1954இல் இறக்கியது, செய்தவர் குய்தோ கல்லெத்தி. சுழியோடிகள் போய்ப் பார்ப்பார்கள். நமக்குத் தேவாலயத்துக்குள் அதன் பிரதி இருக்கிறது, மாமிக்கு அது போதும். தோளை மூட ஒரு சால்வை வைத்திருங்கள். இறங்கியவுடன் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள், அதை விட்டால் இருட்டில் மலை ஏற வேண்டும்.

திருவிழா நாட்களில் போக விருப்பம் என்றால், மே மாதம் இரண்டாவது ஞாயிறு மீன் பொரிக்கும் விழா. 1952இலிருந்து நடக்கிறது. ஏறக்குறைய 4 மீட்டர் அகலத் தாச்சியில் பொரிப்பார்கள். சனம் தாங்காது, தள்ளுவண்டியோடு போகாதீர்கள். எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் முதல் ஞாயிறு வரும் ஸ்தெல்லா மாரிஸ் என்ற மாதா திருவிழா. பகலில் படகுகள் ஊர்வலமாகப் புந்தா கியாப்பாவில் இருக்கும் மாதா பீடத்துக்குப் போகும், இரவில் ஆயிரக்கணக்கான மெழுகுதிரிகளைக் கடலில் மிதக்க விடுவார்கள். ஆகஸ்ட் 16இல் மேலே மலையில் இருக்கும் சான் ரோக்கோ என்ற சின்ன ஊரில் விசுவாசமான நாய்களுக்குப் பரிசு கொடுப்பார்கள், நான் பகிடி விடவில்லை. பிள்ளைகள் அதைத்தான் வருடம் முழுக்கக் கதைப்பார்கள்.

சாப்பாட்டுக்கு மேசையில் இருந்தாலே ஆளுக்கு இவ்வளவு என்று கோப்பெர்த்தோ பில்லில் ஏறும், திகைக்க வேண்டாம். கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் மலிவு. கமோலியேசி என்ற சொக்லேட் பூசிய இனிப்பில் ரம் சேர்ப்பார்கள், பிள்ளைகளுக்கு வாங்கும்போது கேளுங்கள்.

கடல் குழம்பினால் படகு ஓடாது. அப்படியானால் ஜெனோவா பக்கம் ஒரு ஸ்டேஷன் திரும்பி ரெக்கோவில் இறங்குங்கள். புளிக்க வைக்காத மாவை மெல்லிசாக இழுத்து, இரண்டு படைக்கு நடுவில் சீஸ் வைத்துச் சுடும் ஃபொகாச்சா ரொட்டி அந்த ஊருக்கே உரியது. அதில் இறைச்சி இல்லை, மாமியும் சாப்பிடலாம். அங்கேயே சுடச்சுடச் சாப்பிடுங்கள். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தால் ஆறி இழுபடும்.