இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் ஏன் சொந்தமாக ஒரு வீடு கட்டிக்கொள்வதில்லை?

"தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், பிள்ளைகள் கொழும்பில் உழைக்கிறார்கள், கட்டினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். காசும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் காணி.

1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அவர்களுக்குக் குத்தகை; உரிமை அரசிடம். லயத்துக் காம்பராவிலேயே (அறையிலேயே) பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சுவர்கூடச் சொந்தமில்லை. காணி உறுதி (உரிமைப் பத்திரம்) இல்லாமல் எந்த வங்கி வீட்டுக்கடன் தரும்? எங்கள் இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) பக்கத்தில் ஒரு குசினி (சமையலறை) கட்ட நாலு வரி கல் வைத்தோம். தோட்டத்திலிருந்து ஆள் வந்து நிறுத்தினார்கள். அந்த நாலு வரிக்குள் அம்மா இன்றைக்கும் விறகு அடுக்குகிறார்.

அப்புறம், மலை. 2014 அக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்த, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை அப்படியே மூடியது. அதனால் நினைத்த இடத்தில் கட்ட முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இடத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். பாதுகாப்பான நல்ல நிலத்திலோ பெரும்பாலும் தேயிலை நிற்கிறது.

இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளுக்குத் திட்டம் வந்தது; 2017இல் நோர்வூட்டில் மோடி மேலும் 10,000 அறிவித்தார். 7 பேர்ச்சஸ் (சுமார் 1,900 சதுர அடி) காணியில் தனி வீடு, பெரிய விஷயம்தான். ஆனால் வீட்டுக்குக் குடிபோன பிறகும் உறுதிக்காகக் காத்திருந்த குடும்பங்கள் நிறைய. உறுதி கையில் இருந்தால், மிச்சத்தை எங்கள் ஆட்களே கட்டிக்கொள்வார்கள்.