இறால் இருக்கட்டும், முதலில் ஜன்னலைத் திறங்கள்

வெளிநாட்டுக்கு வந்து மூன்று வாரமே ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: அரை மணி நேரத்தில் இறால் குழம்பு வைக்க எந்தப் பொடி நல்லது, மண்சட்டி இல்லாமல் ருசி வருமா?

பொடி எதுவானாலும் சரி தம்பி, சட்டியும் அப்படித்தான். நீங்கள் கேட்காமல் விட்டதுதான் விஷயம். தலைக்கு மேலே கூரையில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்குமே, பார்த்தீர்களா?

நான் பார்க்கவில்லை. வந்த முதல் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி, புகையக் காய்ந்த எண்ணெயில் கடுகையும் காய்ந்த மிளகாயையும் கொட்டினேன். அந்த வட்டம்தான் புகை அலாரம், அலறியது. ஒரு வீட்டில் அடித்தால் கட்டடம் முழுக்க அடிக்கும் என்று யார் கண்டது? ஐந்து மாடிச் சனமும் போர்வையோடு வாசலில் நிற்க, நடுவில் நான் கரண்டியோடு. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஜன்னலைத் திறங்கள், விசிறியைப் போடுங்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறிக்கு வெளியே போகும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது வாசனையை வடிகட்டித் திரும்ப உங்கள் மூஞ்சியிலேயே ஊதும். படுக்கையறைக் கதவையும் துணி அலமாரியையும் சாத்திவிடுங்கள். குளிருக்குப் போடும் கோட்டில் ஏறிய தாளிப்பு வாசனை லேசில் போகாது. அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை மாட்டுகிற கெட்டிக்காரர்கள் நம்மவர்களிலேயே உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், உண்மையாகவே தீப்பிடித்தால் யார் எழுப்புவது?

அடுத்து இறால். பாக்கெட்டில் இளஞ்சிவப்பாக இருப்பது பெரும்பாலும் ஏற்கெனவே வேகவைத்தது. அழகாக இருக்கிறதே என்று வாங்கி மறுபடி கொதிக்கவிட்டு, ரப்பரை மென்ற ஆள் நான். சாம்பல் நிறத்தில் இருக்கும் பச்சை இறாலை வாங்குங்கள். முதல் நாள் ராத்திரியே ஃப்ரீஸரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள். மறந்துவிட்டால் பையை இறுகக் கட்டிப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள், வெந்நீர் வேண்டாம். நன்றாக வடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு நீர்த்துப்போகும்.

வெங்காயம், தக்காளி, புளி, பொடி எல்லாம் முதலில் கொதித்து எண்ணெய் பிரியட்டும். இறால் கடைசியில்தான்: மூன்று நான்கு நிமிடம். அரைவட்டமாக வளைந்தால் வெந்துவிட்டது, முழு வட்டமாகச் சுருண்டால் போச்சு. மின்சார அடுப்பு அணைத்த பிறகும் சுடும், ஆகவே சட்டியை உடனே நகர்த்துங்கள். தேங்காய்ப்பால் ஊற்றுவதென்றால் தீயைக் குறைத்து ஊற்றுங்கள், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும்.

"வீட்டில் மீனே சமைப்பதில்லை, நாற்றம்" என்று பெருமையாகச் சொல்லும் பழைய ஆட்கள் சிலரைச் சந்திப்பீர்கள். அவர்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில்தான் மூன்றாம் முறை சோறு போட்டுக்கொள்கிறார்கள். இருபது வருஷமாக வாரா வாரம் வைக்கிறேன், அலாரம் அதற்குப் பிறகு அடித்ததில்லை.

அப்புறம், இறால் ஓட்டைக் குப்பைக்கூடையில் போட்டால் மறுநாளே வீடு நாறும். மூடியுள்ள டப்பாவில் போட்டு, குப்பை எடுக்கும் நாள்வரை ஃப்ரீஸரில் வையுங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதுங்கள். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்திருந்தேன். அறைத்தோழன் விருந்தாளிக்கென்று ஆசையாக எடுத்துத் திறந்தான்.