எச்.எஸ்.ஏ.வில் வரம்பு மீறிய பணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம். 2025-க்கான எச்.எஸ்.ஏ.வில் (அமெரிக்காவில், முதலில் கையிலிருந்து அதிகம் கட்ட வேண்டிய 'ஹை டிடக்டபிள்' காப்பீட்டு பிளான் உள்ளவர்கள் மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) வரம்பைத் தாண்டிப் பணம், அதாவது 'எக்சஸ்', போய்விட்டது, டேக்ஸ் ரிட்டர்ன் போடும்போது என்ன செய்வது? ஏப்ரல் 15 நெருங்குவதால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன்.

ஒரு வேண்டுகோள். எழுதும்போது நான்கு தகவல் கொடுங்கள்: பிளான் தனிநபரா குடும்பமா, எத்தனை மாதம் இருந்தது, கம்பெனி தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தின் 12-ஆம் கட்டத்தில் 'டபிள்யூ' குறியீட்டுக்கு எதிரே எவ்வளவு, வீட்டில் யாருக்காவது எஃப்.எஸ்.ஏ. (கம்பெனி வழியாக மருத்துவச் செலவுக்குப் பணம் ஒதுக்கும் இன்னொரு கணக்கு) இருக்கிறதா. இவை எதுவும் இல்லாமல் "எனக்கு எக்சஸ் வருமா சார்?" என்று ஒற்றை வரியில் கேட்டால் நான் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். அப்படி வந்த கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

ஜூலையில் வேலை மாறினேன். இரண்டு கம்பெனியிலும் எச்.எஸ்.ஏ. பிடித்தார்கள். பழைய டபிள்யூ-2-வில் 2,600, புதியதில் 2,500. தனிநபர் பிளான்தான். யார் மேல் தப்பு? (ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்)

யார் மேலும் இல்லை, உங்கள் மேல்தான். பழைய கம்பெனி எவ்வளவு பிடித்தது என்பது புதிய கம்பெனிக்குத் தெரியாது. கணக்கு வைத்திருக்கும் நிறுவனமும் இதைப் பார்த்துச் சொல்லாது. வரம்பைக் கவனிக்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். இதை வருஷா வருஷம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் 5,100, வரம்பு 4,300. எக்சஸ் 800. புதிய கம்பெனி வழியாகப் பணம் போன கணக்கில் எக்சஸ் திரும்ப எடுக்கும் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஏப்ரல் 15-க்குள் கொடுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் போட்டிருந்தால் அக்டோபர் 15 வரை நேரம் உண்டு. 800-உம் அது சம்பாதித்த லாபமும் சேர்ந்து வரும். இந்த 800 வரி பிடிக்காமல் போன பணம் என்பதால், 2025 ரிட்டர்னில் 'பிற வருமானம்' என்று சேர்த்தாக வேண்டும். 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 176 டாலர் கூடும். அவ்வளவுதான், அபராதம் எதுவும் இல்லை.

என் சம்பளத்திலிருந்து 4,000 பிடித்தார்கள். சாஃப்ட்வேர் நான் 8,000 போட்டதாகச் சொல்லி 6 சதவீத அபராதம் காட்டுகிறது. (கேரி, வட கரோலினா)

டபிள்யூ குறியீட்டுத் தொகையில் உங்கள் சம்பளத்தில் பிடித்ததும் அடக்கம். அதையே மறுபடி "நான் போட்டது" என்று தட்டியிருக்கிறீர்கள். எச்.எஸ்.ஏ.வுக்கான ஃபாரம் 8889-இல் இரண்டாம் வரியை அழியுங்கள், அபராதம் மறைந்துவிடும். இதே தவறோடு இன்னும் மூன்று கடிதங்கள் வந்தன. அவர்களுக்கும் இதுதான் பதில்.

எக்சஸ் 600 டாலர். மார்ச் முதல் வாரத்தில் ஆப்பில் போய் அந்த 600-ஐ என் செக்கிங் அக்கவுண்டுக்கு மாற்றிவிட்டேன். வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாமா? (எடிசன், நியூ ஜெர்சி)

முடியவில்லை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வசந்தத்திலும் இதே கதை. பணத்தைப் போட்டது நான், எடுப்பதும் நான், இதற்கு எதற்குப் படிவம் என்று நினைக்கிறார்கள். ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) கண்ணில் இரண்டும் வேறு வேறு. ஆப்பிலோ டெபிட் கார்டிலோ நீங்களாக எடுத்தால் அது சாதாரண எடுப்பு, கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் அனுப்பும் 1099-எஸ்.ஏ. படிவத்தில் குறியீடு 1 என்று வரும். மருத்துவச் செலவுக்கு இல்லாமல் எடுத்ததால் 600-உம் வருமானம், அதற்கு மேல் 20 சதவீதம், அதாவது 120 டாலர், தண்டம். எக்சஸ் என்று சொல்லி எடுத்தால்தான் குறியீடு 2 வரும், 20 சதவீதம் வராது.

இன்னொன்று, 600 மட்டும் எடுத்தால் போதாது. அந்தப் பணம் கணக்கில் இருந்த காலத்தில் ஈட்டிய லாபமும் கூடவே வெளியே வர வேண்டும். லாபம் எவ்வளவு என்று நீங்கள் குத்துமதிப்பாகப் போட முடியாது. மொத்தக் கணக்கும் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று பார்த்து நிறுவனம் கணக்கிடும். மார்க்கெட் விழுந்திருந்தால் 600-ஐ விடக் குறைவாகக்கூட வரலாம், அதுவும் சரிதான். லாபத்துக்கான வரி, பணத்தை எடுத்த வருஷத்துக்கு உரியது. 2026 மார்ச்சில் எடுத்தால் 2026 ரிட்டர்னில் வரும், அதற்கான 1099-எஸ்.ஏ. 2027 ஜனவரியில்தான் கைக்கு வரும். அதைப் பார்த்துப் பதறிப்போய் அடுத்த வருஷம் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

"பல் டாக்டர் பில் 700 டாலருக்கு இருக்கிறது, அதற்கு எடுத்ததாகக் காட்டிக்கொள்கிறேன்" என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எச்.எஸ்.ஏ. தொடங்கிய பிறகு வந்த பில்லாக இருந்து, அதை வேறு எங்கும் க்ளெயிம் செய்யாமல் இருந்தால், தாராளமாகக் காட்டலாம். 20 சதவீதமும் வருமான வரியும் போய்விடும். ஆனால் எக்சஸ் 600 அப்படியே கணக்கில் நிற்கும், அதற்கு வருஷா வருஷம் 6 சதவீதம் ஓடும். மருத்துவச் செலவுக்கு எடுத்த பணம் எக்சஸைக் கரைக்காது.

இப்போது செய்ய வேண்டியது: இன்றே கூப்பிட்டு, மார்ச்சில் எடுத்ததை எக்சஸ் எடுப்பாக மாற்றிப் பதிய முடியுமா என்று கேளுங்கள். சில இடங்களில் செய்வார்கள். இல்லையென்றால் தவறாக எடுத்த பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. திரும்பப் போனபின் முறையான படிவத்தோடு எடுங்கள். போனில் பேசுபவர் "நீங்களே ஆப்பில் எடுத்துக்கலாமே" என்பார். எனக்கே ஒரு நிறுவனத்தில் அப்படிச் சொன்னார்கள், படிவத்தின் பெயரைச் சொல்லி மேலதிகாரியைக் கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். வெப்சைட்டில் அது எங்கோ அடியில் புதைந்திருக்கும், தேடுங்கள்.

என் பிளான் குடும்பப் பிளான், முழு 8,550 போட்டேன். மனைவியின் கம்பெனியில் அவருக்கு எஃப்.எஸ்.ஏ. உண்டு. அது அவருடையதுதானே, எனக்கு என்ன? (சிகாகோ புறநகர்)

அவருடைய எஃப்.எஸ்.ஏ. உங்கள் மருத்துவச் செலவுக்கும் பணம் கொடுக்கும். அதனால் சட்டப்படி உங்களுக்கும் வேறொரு கவரேஜ் இருக்கிறது, அது இருக்கும்வரை எச்.எஸ்.ஏ.வில் போடத் தகுதி இல்லை. வருஷம் முழுக்க இருந்திருந்தால் 8,550-உம் எக்சஸ். அப்படியே விட்டால் வருஷத்துக்கு 510 டாலர் சொச்சம் போகும். பல், கண்ணுக்கு மட்டுமான எஃப்.எஸ்.ஏ. என்றால் பயமில்லை, அந்தக் காகிதத்தை முதலில் பாருங்கள். எஃப்.எஸ்.ஏ. பணத்தை முழுக்கச் செலவழித்துவிட்டார் என்பதும் உதவாது. மீதியை 2026-க்கு எடுத்துப்போயிருந்தால் இந்த வருஷத் தகுதியும் கெட்டிருக்கும், அதையும் இப்போதே விசாரியுங்கள்.

எக்சஸ் 90 டாலர்தான். இதற்குப் போய்ப் படிவம், போன், அலைச்சலா? (அட்லாண்டா)

வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அபராதத்துக்கான ஃபாரம் 5329-இல் 6 சதவீதம், சுமார் ஐந்தரை டாலர் கட்டுங்கள். சம்பளத்தில் பிடித்த பணமென்றால் 90-ஐ வருமானத்திலும் சேருங்கள். 2026-இல் தனிநபர் வரம்பு 4,400. நீங்கள் 4,310-க்கு மேல் போடாதீர்கள். பழைய 90 அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், அப்போது கழிவும் கிடைக்கும். அடுத்த வருஷமும் 5329 போட வேண்டும், மறக்கக் கூடாது. எக்சஸ் சில ஆயிரம் என்றால் இந்த வழி பக்கம் போகாதீர்கள்.

பிப்ரவரியிலேயே ரிட்டர்ன் போட்டுவிட்டேன். இப்போதுதான் எக்சஸ் தெரிந்தது. (சியாட்டில்)

உரிய காலத்துக்குள் போட்டிருப்பதால் அக்டோபர் 15 வரை எடுக்கலாம். எடுத்தபின் திருத்திய ரிட்டர்னான 1040-எக்ஸ் போட்டு, தலைப்பில் 301.9100-2 பிரிவின் கீழ் தாக்கல் செய்வதாக ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை விடாதீர்கள்.

கலிஃபோர்னியாவுக்குத் தனியாக ஏதாவது உண்டா? (ஃப்ரீமாண்ட்)

உண்டு, நல்ல கேள்வி. கலிஃபோர்னியாவும் நியூ ஜெர்சியும் எச்.எஸ்.ஏ.வை மதிப்பதே இல்லை. சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு மாநில வரி ஏற்கனவே போய்விட்டது. டபிள்யூ-2-வில் மாநிலச் சம்பளம் கூடுதலாக இருப்பது அதனால்தான். ஆகவே ஃபெடரலில் 'பிற வருமானம்' என்று சேர்த்த எக்சஸ், சாஃப்ட்வேர் வழியாகக் கலிஃபோர்னியா ரிட்டர்னுக்கும் வந்திருந்தால் அங்கே கழித்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை மாநில வரி கட்டுவீர்கள்.

வயது 67. ஆகஸ்டில் வேலையை விட்டு மெடிகேருக்கு (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விண்ணப்பித்தேன். ஜூலை வரைதான் எச்.எஸ்.ஏ.வில் போட்டேன். சரிதானே? (ஹூஸ்டன்)

சரியில்லை. 65 தாண்டியபின் விண்ணப்பித்தால் மெடிகேரின் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிக் காப்பீடு) ஆறு மாதம் பின்தேதியிட்டு வரும். உங்களுக்குப் பிப்ரவரியிலிருந்தே மெடிகேர் இருந்ததாகக் கணக்கு. மெடிகேர் இருக்கும் மாதங்களில் எச்.எஸ்.ஏ.வில் போட முடியாது, ஆகவே ஜனவரி ஒரு மாதத்துக்கே தகுதி. தனிநபர் பிளானென்றால், வயதுக்கான கூடுதல் 1,000-உம் சேர்த்த 5,300-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 440 டாலர். மீதி எல்லாம் எக்சஸ். ஓய்வு பெற ஆறு மாதம் முன்பே எச்.எஸ்.ஏ.வை நிறுத்துங்கள் என்று நான் கத்துவது இதற்காகத்தான்.

நவம்பரில் சேர்ந்து, கடைசி மாத விதியை நம்பி முழு 4,300 போட்டேன். 2026 மே மாதம் மனைவியின் பி.பி.ஓ. பிளானுக்கு (எச்.எஸ்.ஏ. தகுதி இல்லாதது) மாறப்போகிறேன். கூடுதலை எக்சஸ் என்று எடுத்துவிடவா? (பாஸ்டன்)

முடியாது, அது எக்சஸே இல்லை. டிசம்பர் 1 அன்று தகுதி இருந்தால் முழு வருஷ வரம்பையும் போடலாம் என்பதுதான் கடைசி மாத விதி, அதனால் போட்டது சரி. ஆனால் 2026 டிசம்பர் 31 வரை தகுதியோடு இருக்க வேண்டும். மாறினால் இரண்டு மாதப் பங்கு போக மீதி, சுமார் 3,580, உங்கள் 2026 வருமானத்தில் சேரும், கூடவே 10 சதவீதம். மனைவியின் பிளானுக்கு மாறுவதை 2027 ஜனவரிக்குத் தள்ள முடியுமா பாருங்கள்.

செப்டம்பர் கடைசியில் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். ஜனவரியிலேயே 4,300-ஐயும் போட்டிருந்தேன்.

ஒன்பது மாதத்துக்கு 3,225. மீதி 1,075 எக்சஸ், எடுத்துவிடுங்கள். கணக்கு உங்களுடையதே, அப்படியே இருக்கலாம். அமெரிக்க போன் நம்பரை மட்டும் இந்த வேலை முடியும்வரை ரத்து செய்யாதீர்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் போகும்.

2025-இல் மார்க்கெட்ப்ளேஸில் (அரசின் காப்பீட்டுச் சந்தை) வாங்கிய ப்ரான்ஸ் பிளான். இனி எல்லா ப்ரான்ஸுக்கும் எச்.எஸ்.ஏ. உண்டு என்கிறார்களே? (கொலம்பஸ்)

அது 2026 ஜனவரி 1 முதல். 2025-க்கு உங்கள் பிளான் ஹை டிடக்டபிள் விதிகளுக்குள் வந்ததா என்று தனியாகப் பார்க்க வேண்டும். எந்தப் பிளான் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.