மொழி தெரியாமல் இத்தாலிக்குப் படிக்கப் போனால் முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

விசா வந்துவிட்டது, டிக்கெட் எடுத்தாயிற்று, இப்போதுதான் பயம் பிடித்திருக்கிறது. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. யாரோ ஒரு முகவரிடம் பணம் கட்டியிருப்பீர்கள். எதைக் கேட்டாலும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருப்பார். என்னிடமும் அதையே சொன்னார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 2022 செப்டம்பரில் பாதோவா நகரத்துக்கு வனவியல் முதுநிலை படிக்க வந்தேன். 1222-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நான் சேர்ந்தது அதன் 800-ஆவது ஆண்டு. கலிலியோ 18 ஆண்டுகள் பாடம் சொன்ன இடம். முதல் வாரத்தில் இதையெல்லாம் நினைத்துப் பார்க்கக்கூட எனக்கு நேரம் இல்லை.

மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மொழியைவிட நாட்கணக்குதான் கழுத்தை நெரித்தது. இத்தாலிக்குள் நுழைந்த 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மெஸ்ஸோ என்று சொல்வார்கள். காவல்துறை தரும் அனுமதி அது. ஆனால் விண்ணப்பத்தை வாங்குவது அஞ்சலகம். இதை நான் அறிந்ததே வந்து இறங்கிய பிறகு, அறைத் தோழி சொல்லித்தான்.

திங்கட்கிழமை அஞ்சலகத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறை ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே படிவம் முழுவதும் இத்தாலிய மொழி. கைப்பேசி அகராதியை வைத்துக்கொண்டு நள்ளிரவு வரை நிரப்பினேன். செவ்வாய்க்கிழமை கொண்டுபோனால், முத்திரை எங்கே என்றார்கள். நம் ஊர் ரெவின்யூ ஸ்டாம்ப் மாதிரி, ஆனால் 16 யூரோ. அது விற்கும் இடம் புகையிலைக் கடை. வாசலில் பெரிதாக 'T' எழுத்துப் பலகை தொங்கும். பீடி, சிகரெட் விற்கும் கடை வாசலில்கூட நின்று பழகாதவள் நான். உள்ளே போகலாமா, தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா என்று கால் மணி நேரம் எதிர்ப்புறத்திலேயே நின்றேன். பேருந்து டிக்கெட்டும் அங்கேதான் கிடைக்கும் என்பதால், நீங்கள் என்னைப் போலத் தயங்க வேண்டாம்.

முத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பும்போது வழி தவறிவிட்டது. தூரத்தில் பெரிய பெரிய குவிமாடங்கள் தெரிந்தன. ஒரு மாணவியிடம் அது என்ன என்று கேட்டேன். "இல் சாந்தோ" என்றாள். புனிதர். பெயர் சொல்லவில்லை, இந்த ஊரில் அவருக்குப் பெயர் தேவையில்லை. உள்ளே போனேன். ஒரு கல்லறையின் பின்பக்கப் பளிங்கில் உள்ளங்கையை அழுத்திவைத்து வரிசையாக நின்றார்கள். பக்கத்தில் குழந்தையை ஏந்திய துறவியின் படம். பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் அந்தோணியார். கோடி அற்புதர்.

எங்கள் ஊர் உவரிக்குப் பக்கம். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமை தவறாமல் ஆச்சி என்னை அங்கே இருக்கும் அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போவாள். "பதுவை அந்தோணியாரே" என்றுதான் கும்பிடுவாள். பதுவை என்றால் உவரிக்குத் தெற்கே ஏதோ ஓர் ஊர் என்று நினைத்து வளர்ந்தேன். விசாவில் பாதோவா, விண்ணப்பத்தில் பாதோவா. எத்தனை முறை எழுதியிருப்பேன், ஒரு தடவையாவது அந்தப் பதுவை இதுதான் என்று பொறிதட்டவில்லை. அவர் பிறந்தது லிஸ்பனில். 1231-இல் இங்கே இறந்தார். மறு ஆண்டே இந்தக் கோயிலைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். நான் உள்ளே போன அன்றைக்கும் செவ்வாய்க்கிழமை.

மதப் பிரச்சாரம் என்று எழுதக் கிளம்புகிறவர்களுக்கு: நான் கிறித்தவள் அல்ல, ஆச்சியும் அல்ல. உவரிக்குப் போக எங்கள் பக்கத்தில் யாரும் மதம் பார்ப்பதில்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அன்றிரவு ஆச்சியைக் கூப்பிட்டு, "ஆச்சி, நான் பதுவையில்தான் இருக்கிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கையை வைத்தாயா?" என்று கேட்டாள்.

புதன்கிழமை மறுபடி அஞ்சலகம். உறையை அழகாகப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோயிருந்தேன். ஒட்டக்கூடாதாம், உள்ளே இருப்பதைச் சரிபார்த்துத்தான் வாங்குவார்களாம். கிழித்துப் பார்த்தால் பாஸ்போர்ட் நகல் போதவில்லை. முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் மட்டும் வைத்திருந்தேன். எல்லாப் பக்கமும் கேட்டார்கள். வெளியே வந்து தூண் வரிசைக்குக் கீழே நின்று அழுதேன். வியாழக்கிழமைதான் முடிந்தது. முத்திரையோடு சேர்த்து மொத்தம் 116 யூரோ சொச்சம். இப்போது கட்டணம் மாறியிருக்கலாம், விசாரித்துக்கொள்ளுங்கள். கைரேகை எடுக்கும் தேதி போட்ட ரசீதைக் கொடுத்து, கவுன்டரில் இருந்த அம்மா "பிராவா" என்றார், சபாஷ் என்கிற மாதிரி. நான் தேர்வில் வாங்கிய எந்த மதிப்பெண்ணும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் படிக்கட்டு அடியில் எலெனா கொர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலை இருக்கிறது. முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்று போற்றப்படுகிறவர். இறையியலில் பட்டம் கேட்டார். பெண்ணுக்குக் கிடையாது என்று ஆயர் மறுத்துவிட்டார். 1678-இல் தத்துவத்தில் வாங்கினார். அந்தச் சிலைக்கு முன்னால் நின்றபோது, எனக்குக் கல்விக்கடன் மறுத்த வங்கி மேலாளரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. "மரத்தைப் பற்றிப் படிக்க இத்தாலியா? நாளைக்குக் கல்யாணம் ஆனால் கடனை யார் கட்டுவது?" என்று அப்பாவிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணனுக்கு அதே மேலாளர் ஒரே வாரத்தில் கையெழுத்துப் போட்டவர். எல்லா வங்கியும் அப்படி என்று சொல்லவில்லை. வேறொரு வங்கிதான் எனக்குக் கடன் கொடுத்தது. அப்பா அன்றைக்குத் தலைகுனிந்து வெளியே வந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டின் வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து நகல் எடுத்துவிடுங்கள். பாஸ்போர்ட் அளவுப் படங்கள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். உறையை ஒட்டாதீர்கள். எந்த நகரம் என்று நீங்கள் எழுதவில்லை. பாதோவா என்றால் இங்கேயே சொல்லுங்கள். படிப்பு முடிந்தும் நான் இந்த ஊரில்தான் வேலை பார்க்கிறேன். அஞ்சலகத்துக்குக் கூட வருகிறேன்.