கேள்வி–பதில்: ரப்பர் இலையைக் கெடுப்பது எந்தப் பூஞ்சை?

கேள்வி: மாசியில் புதுத்தளிர் விட்ட ரப்பர் மரங்களில் இலை சுருண்டு கொட்டுகிறது. சாம்பல் நோய் என்கிறார் ஒருவர், கொலெட்டோட்ரைக்கம் என்கிறார் இன்னொருவர். கண்ணால் பார்த்தே பிரித்தறிய முடியுமா? (குலசேகரம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் முடியும். மழை பெய்ததா என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். சாம்பல் நோயை உண்டாக்கும் ஓய்டியத்துக்கு மழை தேவையில்லை. இரவுப் பனியும் காலை மூடுபனியும் போதும். தளிரில் வெள்ளைப் பொடி படியும். சிற்றிலைகள் உதிர்ந்த பிறகும் காம்பு மட்டும் சில நாள் ஈர்க்குச்சி போலக் கிளையில் நிற்கும். கொலெட்டோட்ரைக்கத்துக்கு நனைந்த இலை வேண்டும். அது தளிரின் நுனியிலிருந்து கருக்கிச் சுருக்கும். தப்பிய இலை முற்றியதும் புள்ளிகள் மேடிட்டு, தடவினால் சொரசொரக்கும்.

இரண்டையும் குழப்பிக்கொண்டால் காசுதான் நட்டம். எக்டேருக்கு 11 முதல் 14 கிலோ கந்தகத் தூளை, விடியற்காலை இலையில் பனி ஈரம் இருக்கும்போதே, 7–10 நாள் இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை தூவினால் சாம்பல் நோய் அடங்கும். கொலெட்டோட்ரைக்கம் அதற்கு அசையாது.

கேள்வி: முற்றிய இலைகளில் வட்ட வட்டமான பெரிய புள்ளிகள் வந்து உதிர்கின்றன. மாதிரி அனுப்பினேன். ஓரிடத்தில் பெஸ்டலோஷியாப்சிஸ் என்றார்கள், மற்றோரிடத்தில் கொலெட்டோட்ரைக்கம். யாரை நம்புவது? (திருவட்டாறு வாசகர்)

பதில்: இரண்டு இடத்திலும் கண்டது உண்மையாக இருக்கலாம்; அதனாலேயே இரண்டும் காரணம் என்றாகிவிடாது. இந்த வட்டப் புள்ளி உதிர்வு 2016-இல் சுமத்ராவில் பெரிதாகக் கிளம்பி, பிறகு மலேசியா, இலங்கை, தாய்லாந்து, கேரளம் வரை வந்தது. அங்கெல்லாம் இதே வாக்குவாதம்தான். இந்த இரண்டு பூஞ்சைகளும் நல்ல இலைக்குள்ளேயே சத்தமில்லாமல் குடியிருக்கக் கூடியவை. இலை செத்ததும் முதலில் வெளியே வருபவையும் அவைதான். காய்ந்து உதிர்ந்த இலையின் நடுப்புள்ளியிலிருந்து எடுத்தால் கிடைப்பது பிணந்தின்னியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் மாதிரி எடுப்பதில்தான் பாதி விடை இருக்கிறது. மரத்திலேயே இருக்கும், புள்ளி இப்போதுதான் பரவத் தொடங்கிய இலைகளாகப் பத்துப் பதினைந்து பறியுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து அழுகி, கண்ட பூஞ்சையும் ஏறிக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் மடித்துக் காகித உறையில் வையுங்கள். ரகம், மரத்தின் வயது, பறித்த தேதி, கடைசியாக அடித்த மருந்து ஆகியவற்றை எழுதி, மறுநாளுக்குள் சேருங்கள்.

ஆய்வகத்தில், பச்சையும் பழுப்பும் சேரும் ஓரத்திலிருந்து 3–5 மில்லிமீட்டர் துண்டுகள் வெட்டி, மேற்பரப்புக் கிருமிகள் சாக 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, ஈரம் ஒற்றி, பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு அகார் கூழ்த் தட்டில் வைப்பார்கள். பூஞ்சை பரவ உதவும் நுண்ணிய வித்துகளை நுண்ணோக்கியில் பார்த்தால் இனம் தெரியும்: பெஸ்டலோஷியாப்சிஸ் வித்தில் ஐந்து அறைகள், நடு மூன்றும் பழுப்பு, ஒரு முனையில் மீசை போல இரண்டு மூன்று இழைகள். கொலெட்டோட்ரைக்கம் தட்டில் ஆரஞ்சு நிறக் கொழகொழப்பாக வித்துக் குவியல் தரும். சாம்பல் நோயை மட்டும் தட்டில் வளர்க்க முடியாது. உயிருள்ள இலை இல்லாமல் அது வாழாது.

இனப் பெயர் தெரிந்தாலும் வேலை முடியவில்லை. அந்தப் பூஞ்சையை அதே ரகத்தின் நல்ல செடியில், முற்றிய இலையில் தெளித்து, இரண்டு நாள் ஈரமாக மூடி வைத்து, அதே புள்ளி வருகிறதா, அதிலிருந்து அதே பூஞ்சை திரும்பக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் நீர் தெளித்த செடியும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஊசியால் குத்திய காயத்தில் மட்டுமே புள்ளி வந்தால் நான் அதை லேசில் ஏற்க மாட்டேன். காயத்தில் சோனிப் பூஞ்சைகூட வேலையைக் காட்டும். இந்தச் சோதனை செய்தார்களா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

கேள்வி: ஆனி, ஆடி மழையில் பச்சை இலைகளே கொட்டுகின்றனவே?

பதில்: விழுந்த இலையின் காம்பைப் பாருங்கள். கறுத்த வடுவும் அதன் நடுவே உறைந்த பால் துளியும் இருந்தால் பைட்டாப்தோரா என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர். காய்களும் அழுகியிருக்கும். மழைக்கு முன்பே போர்டோ கலவை 1 சதவீதம் அடிக்க வேண்டும்: 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ. தீட்டிய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதாது. பால் சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு அடியுங்கள், செம்பு கலந்த ரப்பர் சீக்கிரம் கெடும்.

கேள்வி: நரம்புகள் மீன்முள் போலக் கறுப்பது எதனால்?

பதில்: கோரினெஸ்போரா என்னும் பூஞ்சை. அதன் நச்சு நரம்பு வழியே ஓடுவதால் அந்த வடிவம். இலங்கையில் 1980-களில் ஆர்ஆர்ஐசி 103 ரகத்தையே கைவிட வைத்தது இதுதான். நம்மூரில் பரவலாக உள்ள ஆர்ஆர்ஐஐ 105-உம் இதற்கு எளிதில் ஆளாகும். ஆனால் எல்லாப் புள்ளியிலும் மீன்முள் தெரியாது. சிலவற்றில் வெறும் வட்டமும் மஞ்சள் விளிம்பும்தான். தெரியாவிட்டால், இலையை நனைத்த தாளோடு மூடிய டப்பாவில் இரண்டு நாள் வைத்து, அடிப்புறத்துக் கறுத்த வளர்ச்சியை நுண்ணோக்கியில் பாருங்கள். வித்துகள் நீண்டு, தடுப்புகளோடு இருக்கும்.