நடுவழிக் கூட்டணியும் நெல் மூட்டையும்

அன்புள்ள ஐயா,

போலந்தில் 2023-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு பழைய உழவர் கட்சியும் நகரத்துப் படித்தவர்களின் புதிய கட்சியும் ‘மூன்றாம் வழி’ என்ற பெயரில் சேர்ந்து நின்று, ஆட்சி மாறுவதற்கே காரணமாக இருந்தன என்று படித்தேன். எனக்குச் சொந்த ஊர் பாகூர், வேலை புதுச்சேரி நகரத்தில். கருத்துரிமை, நீதிமன்றத்தின் சுதந்திரம் என்று நானும் நண்பர்களும் பேசுவது எதுவும் அப்பாவின் காதில் ஏறுவதில்லை. ஏரியில் எவ்வளவு தண்ணீர், நெல்லுக்கு என்ன விலை என்பதற்கு மேல் அவருக்கு அரசியல் இல்லை. இந்த இரண்டு தரப்பையும் நடுவில் நின்று சேர்க்கும் கூட்டணி நம் பக்கம் ஏன் உருவாகவில்லை? அப்பாவிடம் கேட்டதற்கு, “ராஜாஜி அதைத்தான் பண்ணிப் பார்த்தாரு, அது மிராசுதாருங்க கட்சியாப் போச்சு” என்று முடித்துவிட்டார். அவர் சொல்வது சரியா?

அன்புடன்,
எஸ்., புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா சொன்னதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு அரசியல் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்கும் கூட்டணி பிழைப்பதும் சாவதும் அந்த நெல் விலையில்தான் இருக்கிறது.

போலந்து விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். அங்கே தனிக்கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைய 5 சதவீத வாக்கு போதும். கூட்டணிப் பட்டியலாக நின்றால் 8 சதவீதம் வேண்டும். கோசினியாக்-காமிஷ் தலைமையிலான உழவர் கட்சியும் ஹொவோவ்னியாவின் ‘போலந்து 2050’ கட்சியும் அந்த 8 சதவீத ஆபத்தைத் தெரிந்தே ஏற்றன. எதிர்க்கட்சிகள் எல்லாம் ஒரே பட்டியலாக நிற்கலாம் என்று அன்றைய பெரிய எதிர்க்கட்சியின் தலைவர் டொனால்டு டஸ்க் விரும்பியும் அவை இணங்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஆளும் கட்சியின் மேல் சலித்துப்போயிருந்த கிராமத்து, சிறுநகரத்து வாக்காளர் நேராக டஸ்கின் கட்சிக்குப் போகமாட்டார். அவருக்கு இடையில் ஒரு திண்ணை வேண்டும். திண்ணை நன்றாகவே வேலை செய்தது. 14.4 சதவீத வாக்கும் 65 இடங்களும் கிடைத்தன. 460 பேர் கொண்ட அவையில் புதிய ஆட்சிக்குக் கிடைத்த 248 இடங்களில் அந்த 65 இல்லாமல் பெரும்பான்மை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேளாண் அமைச்சகம் உழவர் கட்சிக்கும் காலநிலை அமைச்சகம் போலந்து 2050-க்கும் போயிற்று. 2024-இன் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றுச்சூழல் விதிகளான பசுமைத் திட்டத்தையும் உக்ரைனிலிருந்து மலிவாக வந்த தானியத்தையும் எதிர்த்து விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைகளை மறித்தபோது, ஒரே கூட்டணியின் ஒரு கை கவனிக்கும் திட்டத்தை இன்னொரு கை நம்பியிருக்கும் வாக்காளர் நடுத்தெருவில் எரித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஜூலையில், கருக்கலைப்புக்கு உதவுபவர்களைத் தண்டிக்கக்கூடாது என்ற மசோதா 215-க்கு 218 என்ற கணக்கில் தோற்றது. உழவர் கட்சி உறுப்பினர்களில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்திருந்தனர். 2025 மே மாதக் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஹொவோவ்னியாவால் 5 சதவீதத்தைக்கூடத் தொட முடியவில்லை, ஜூனில் கூட்டணி கலைந்தது. பலரும் கருக்கலைப்புப் பிளவைத்தான் பெரிதாகப் பேசினார்கள். எனக்கென்னவோ தானியம்தான் ஆழமான வெடிப்பு என்று படுகிறது.

ஏன் என்று சொல்ல என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்தது. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் வரையிலும் உணவுக் கட்டுப்பாடு நடப்பில் இருந்ததால், அரசு நிர்ணயித்த குறைந்த விலைக்கு நெல்லை அளந்தாக வேண்டும். அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால் பாட்டி குதிரின் வாயை மெழுகி அடைத்து, அதன்மேல் பழைய பாய்களை அடுக்கிவிடுவாராம். தாத்தா அன்று கெட்டியான தாராளவாதி. அரசாங்கம் தன் நெல்லைத் தொடக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கோரிக்கையே இல்லை. அவருடைய மூத்த மகன், என் பெரியப்பா, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சம்பா அறுவடையின்போது கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஆறு நாள் காத்திருந்தார். கருவியைக் குத்திப் பார்த்த ஊழியர் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார். பகலெல்லாம் தார்ப்பாயை விலக்கி நெல்லைக் காயவைப்பதும் இரவில் பனிக்குப் பயந்து மூடுவதுமாக இருந்த பெரியப்பா என்னிடம் கேட்டது, “எப்பத்தாண்டா எடுப்பாங்க?” என்பதை மட்டுமே. தந்தை, அரசு எடுத்துவிடுமே என்று ஒளித்த நெல்லை, மகன், அரசு எடுக்கவில்லையே என்று கொட்டி வைத்துக் காத்துக்கிடந்தார். தட்டுப்பாட்டுக் காலத்தில் கட்டுப்பாடு என்பது விலையை அமுக்கும் கை. விளைச்சல் மிகுந்த காலத்தில் அதே அரசு ஒன்றுதான் விலையைத் தாங்கும் தூண். இரண்டு காலத்திலும் விவசாயியின் நியாயம் மாறவில்லை, சந்தைதான் மாறியது.

ராஜாஜியின் இரண்டு முயற்சிகளையும் இதை வைத்துப் பார்க்கலாம். 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்கு 152-தான் கிடைத்தது. பெரும்பான்மைக்குச் சிறு கட்சிகளின் துணை வேண்டியிருந்தது. நம் தென்னார்க்காட்டை வேராகக் கொண்ட ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றிருந்தன. மாணிக்கவேலர் ராஜாஜியின் அமைச்சரவையிலும், படையாட்சியார் 1954-இல் காமராஜர் அமைச்சரவையிலும் சேர்ந்தார்கள். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. வன்னியர்களுக்கு உரிய பங்கு என்பதே அவற்றின் முதன்மைக் கோரிக்கையாக இருந்ததால், அமைச்சர் பதவி கிடைத்தவுடன் தனியாக நிற்பதற்குக் காரணம் தேய்ந்துபோயிற்று. ஆனால் அந்த 1952-இலேயே ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பட்டணத்துத் தாராளவாதக் கொள்கையும் கிராமத்துக் குதிரின் ஆசையும் உண்மையிலேயே ஒரு புள்ளியில் சந்தித்த தருணம் நம் அரசியலில் அது ஒன்றுதான் என்பேன்.

1959-இல் அவர் அதையே அகில இந்திய அளவில் செய்ய முயன்றார். நாக்பூர் காங்கிரஸ் மாநாடு, நிலங்களைச் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தைக் கொண்டுவந்திருந்த சமயம். நிலம் போய்விடும் என்ற விவசாயியின் அச்சத்தையும் பர்மிட்டும் லைசென்சும் வாங்க அலையும் வணிகரின் எரிச்சலையும் சேர்த்துச் சுதந்திராக் கட்சி கட்டப்பட்டது. ஆந்திர விவசாயிகளின் தலைவர் என்.ஜி. ரங்கா அதன் தலைவர், பம்பாய்த் தாராளவாதி மினு மசானி பொதுச்செயலாளர். உங்கள் வீட்டுத் தகராறையே ஒரு கட்சியாக்கிய மாதிரி. மக்களவையில் 1962-இல் 18 இடம், 1967-இல் 44 இடம் பெற்று முதன்மை எதிர்க்கட்சியாகவே உயர்ந்து, 1971-இல் 8 இடத்துக்குச் சரிந்தது. கூட்டுப் பண்ணை வரவே இல்லை. அச்சம் தீர்ந்த விவசாயிக்கு உரமும் மின்சாரமும் ஆதரவு விலையும் தேவைப்பட்டன. அரசே விலகிப் போ என்று சொல்லிக்கொண்டிருந்த கட்சியிடம் அதற்குப் பதில் இல்லை.

நம் பக்கம் ஏன் புதிதாக ஒன்று வரவில்லை என்ற கேள்விக்குத் தேர்தல் முறை பாதிக் காரணம். போலந்தில் ஒரே பட்டியலில் இரு கட்சி வேட்பாளர்களும் இருப்பார்கள். வாக்காளர் தன் ஆளின் பெயருக்கு நேராகக் குறியிடலாம். இங்கே தொகுதி ஒருவருக்குத்தான். மற்றவரின் தொண்டர் அடுத்த கட்சியின் சின்னத்துக்கு வேலை செய்ய வேண்டும், அந்த ஓட்டு முழுதாகப் போய்ச் சேருமா என்பதே ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு. மீதிக் காரணம், இந்தப் பேரத்தைத் திராவிடக் கட்சிகள் தங்களுக்குள்ளேயே நடத்திவிட்டன என்பது. 1967-இல் அரிசி வாங்குபவர்களுக்கு ரூபாய்க்கு ஒரு படி என்று சொன்ன தி.மு.க.வே 1990-இல் விவசாயிகளுக்கு இலவச மின்சாரமும் தந்தது. நீங்களும் உங்கள் அப்பாவும் ஒரே சின்னத்துக்கு வெவ்வேறு காரணங்களுக்காக வாக்களித்திருக்கவும் வாய்ப்புண்டு. கேட்டுப் பாருங்கள்.

அவருடைய ஒரு வரிக்கு வருகிறேன். பாதி சரி. ராஜஸ்தானிலும் ஒரிசாவிலும் சுதந்திராக் கட்சியின் இடங்களை நிரப்பியவர்களில் அரச குடும்பத்தாரும் ஜமீன்தார்களும் உண்டு. ஆனால் ரங்காவின் பின்னால் வந்தவர்கள் சொந்தமாக உழுதுண்டவர்கள். தமிழ்நாட்டில் 1967-இல் அது வென்ற 20 சட்டமன்ற இடங்கள் மிராசுதார்களால் வந்தவையும் அல்ல, விவசாயிகளால் வந்தவையும் அல்ல. அண்ணாவோடு செய்துகொண்ட தொகுதி உடன்பாட்டால் வந்தவை.

அன்புடன்,
கடலூரிலிருந்து