பழைய நகராட்சி அலுவலகத்தை நூலகமாக்க ஆர்க்கிடெக்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? – கேள்வி பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களில் இப்படி ஒரு கட்டடம் அடிக்கடி கண்ணில் படும். முன்பக்கம் பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது, பின்பக்கம் பிறகு சேர்த்த கான்கிரீட். அலுவலகம் வேறிடம் போனதும், அதை நூலகமாக்க மன்றத்தில் தீர்மானம் போடுகிறார்கள். அந்த வேலைக்கு ஆர்க்கிடெக்டைத் தேர்ந்தெடுப்பதையொட்டி அந்தந்த ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை.

கீழக்கரை: காக்கா, ஃபீஸ் யார் குறைச்சு கேட்டாங்களோ அவங்களுக்குத்தான் கொடுக்கணும்னு சொல்றாங்க. வேற வழியே இல்லையா?

இருக்கிறது தம்பி. இரண்டு உறை முறையில் டெண்டர் விடுங்கள். முதல் உறையில் தகுதி, இரண்டாவதில் ஃபீஸ். தகுதிக்கு 70, ஃபீஸுக்கு 30 என்ற பங்கை டெண்டர் ஆவணத்திலேயே அச்சடித்துவிட வேண்டும். 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, அறிவித்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிடலாம். பிறகு மாற்ற முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஃபீஸ் குறைவாகக் கேட்டவருக்கு ஃபீஸின் முழுப் பங்கு, மற்றவருக்கு அதே விகிதத்தில் குறையும். ஒருவர் தகுதியில் 88 மதிப்பெண், ஃபீஸ் 9 லட்சம். இன்னொருவர் 70 மதிப்பெண், 6 லட்சம். முதலாமவருக்கு 61.6 + 20 = 81.6. இரண்டாமவருக்கு 49 + 30 = 79. முதலாமவர் வருகிறார். அதே பங்கை 50:50 என்று வைத்தால் 77.3-க்கு 85 என்று தலைகீழாகிவிடும். ஆக, பங்கைத் தீர்மானிக்கும் அன்றே பாதி முடிவு எடுத்தாயிற்று. தகுதி மதிப்பெண்ணில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வெளியிட்ட பிறகுதான் இரண்டாவது உறையைத் தொட வேண்டும்.

இரண்டு கோடிக்கு உட்பட்ட டெண்டருக்கு விதிப்படி 15 நாள் போதும். ஆனால் கட்டடத்தை நேரில் பார்க்காமல் யாரும் ஒழுங்காக எழுத முடியாது. 30 நாள் கொடுங்கள், நடுவில் ஒருநாள் கட்டடத்தைத் திறந்து காட்டுங்கள்.

ராமேஸ்வரம்: அண்ணே, தகுதி மதிப்பெண்ணை எதுக்கெல்லாம் கொடுக்கிறது?

ஆண்டு வருமானம், ஆள் எண்ணிக்கை இவற்றுக்குக் குறைவாக வையுங்கள். பழைய கட்டடத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றி முடித்த வேலைகளுக்குத்தான் பெரும்பங்கு போக வேண்டும். முடித்து மூன்று வருடமாவது ஆன வேலையாகக் கேளுங்கள். உப்புக்காற்றில் பூச்சு நிற்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரும் குழுவில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வண்ணப்படத்துக்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் போடும் குழுவில் ஒரு நூலகர் அவசியம் இருக்கட்டும், அந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறவர் அவர்தான்.

மண்டபம்: ஆர்க்கிடெக்ட் வந்தபிறகு கட்டடத்தைச் சோதிச்சாப் போதாதா?

போதாது. டெண்டருக்கு முன்பே சோதனை முடிந்திருக்க வேண்டும், அதற்குத் தனித் தொகை ஒதுக்குங்கள். இந்தத் திட்டம் கெட்டுப்போவதென்றால் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடும்.

முதலில் பாரம். சாமான் அறை தனியே உள்ள அலுவலகத் தளம் தாங்க வேண்டிய பாரமாகக் கட்டட விதிநூல் சொல்வது சதுர மீட்டருக்கு 2.5 கிலோ நியூட்டன், அதாவது ஏறக்குறைய 250 கிலோ. புத்தக அடுக்கறைக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6 கிலோ நியூட்டன், அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னொரு 2. மாடி அதைத் தாங்காது என்றால் அடுக்குகள் கீழ்த்தளத்துக்குப் போகும், படிப்பறை மாடிக்கு வரும். இது தெரியாமல் போட்ட வரைபடம் வீண்.

அடுத்தது கம்பித் துரு. பழைய ஸ்லாபுகளில் கம்பிக்கு மேல் காரை பெரும்பாலும் 15, 20 மி.மீ.தான். இன்றைய விதி கடலோரத்துக்கு 45 மி.மீ., கடல்நீர்த் துளி படும் இடத்துக்கு 50 கேட்கிறது. ஸ்லாபில் துளையிட்டு 0–15, 15–30, 30–45 மி.மீ. ஆழங்களில் தூள் எடுத்து குளோரைடு, அதாவது கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பின் கூறு, எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கான்கிரீட்டில் கனமீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது என்பது விதி. கம்பி இருக்கும் ஆழத்தில் அதைத் தாண்டிவிட்டால், பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவது பயன் தராது. ஒட்டுப் போட்ட இடத்தைச் சுற்றி உள்ள பழைய கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். அந்த ஸ்லாபை எடுத்துவிடுவதா என்ற முடிவு செலவையே மாற்றும், அது தெரியாமல் யாரும் ஃபீஸ் சொல்ல முடியாது.

கீழக்கரை: பவளக்கல் சுவர் உதிருது. சிமெண்ட் பூசி வெள்ளை அடிச்சிடலாமா?

கூடாதும்மா. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுத்தான் உயிரோடு இருக்கிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, கல்லின் மேல்முகத்தையே பெயர்த்துக்கொண்டு வரும். பூச்சுக்கு ஊறவைத்த சுண்ணாம்பும் ஆற்று மணலும்தான். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். மாற்றுக்கல் தேடிக் கடலுக்கும் போக முடியாது. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. இடித்த பகுதியின் கல்லையே எண்ணிட்டு அடுக்கி வைக்க வேண்டும் என்பதை ஆர்க்கிடெக்டின் வேலைப் பட்டியலில் எழுதுங்கள்.

தொண்டி: கட்டடம் கடலுக்கு 200 மீட்டர்தான். தடை வருமா சார்?

உயர் அலைக்கோட்டிலிருந்து, அதாவது ஓதத்தில் கடல் உச்சமாக ஏறும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடலோர ஒழுங்காற்று மண்டலம். அதற்கான 2019 அறிவிக்கை, நகர்ப்பகுதியான இரண்டாம் பிரிவில், அனுமதி பெற்ற கட்டடத்தை மீளக் கட்ட விடுகிறது, ஆனால் தற்போதைய நிலப்பயன்பாடு மாறக் கூடாது. அலுவலகத்தை நூலகமாக்குவது மாற்றத்தில் சேருமா என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை டெண்டரோடு இணையுங்கள். ஆர்க்கிடெக்டை நியமித்தபின் கேட்டால் வேலை மாதக்கணக்கில் நிற்கும்.

ராமநாதபுரம்: ஆர்க்கிடெக்ட் பதிவு இல்லாதவங்க விண்ணப்பிக்கலாமா?

2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 1972 ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் தடுப்பது ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்துவதைத்தான், அந்த வேலையைச் செய்வதையே அல்ல. எனவே ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவு வேண்டுமென்றால் தகுதி நிபந்தனையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

ராமேஸ்வரம்: பணத்தை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறது?

கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று வைக்காதீர்கள், செலவு ஏற ஏற ஃபீஸும் ஏறும். மொத்தத் தொகையாகப் பேசி, கருத்து வரைவுக்கு 15 சதவீதம், அனுமதி வரைபடங்களுக்கு 15, விரிவான வரைபடமும் எஸ்டிமேட்டும் ஒப்பந்த ஆவணமும் சேர்த்து 35, தள மேற்பார்வைக்கு 30, முடிந்தநிலை வரைபடங்களுக்கு 5 என்று பிரியுங்கள். மேற்பார்வையை 30-க்குக் கீழே இறக்க வேண்டாம். பழைய பூச்சைத் தட்டியதும் உள்ளே எதிர்பாராதது வரும், அப்போது ஆர்க்கிடெக்ட் தளத்தில் நின்றாக வேண்டும். எத்தனை முறை வருவார் என்பதை எண்ணிக்கையாக எழுதுங்கள், ‘தேவைக்கேற்ப’ என்று எழுதினால் வரமாட்டார்கள். எஸ்டிமேட்டில் எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம் தனியே இருக்கட்டும். சக்கர நாற்காலிச் சாய்தளம் 1:12 என்பதையும் ஆரம்பத்திலேயே கேளுங்கள். இரண்டடி உயரத் திண்ணைக்கு 24 அடி நீளம் பிடிக்கும், நடுவில் நிற்கும் தளம் வேறு. கடைசியில் கேட்டால் முற்றத்தில் இடம் இருக்காது.